உளுந்து வேரின் இரண்டு கூட்டாளிகள்

மியன்மாரில் பெகுவுக்கு வடக்கே, நெல் அறுத்த வயலில் உளுந்து விதைக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். பயறு வகைகள் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்றால், யூரியா தூவிய பக்கத்து வயல் மட்டும் ஏன் முதலில் கரும்பச்சையாக எழுந்து நிற்கிறது என்பது முதல் கேள்வி. தம் வயலில் பிடுங்கிப் பார்த்த செடிகளின் வேரில் முடிச்சுகள் நிறைய இருந்தும் செடி ஏன் குன்றியே இருக்கிறது என்பது இரண்டாவது. வேருக்கு நன்மை செய்யும் பாக்டீரியா என்றும் பூஞ்சை என்றும் சொல்லிக் கடையில் விற்கும் பொட்டலங்களை வாங்கலாமா என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே விடை சொல்கிறேன். நெல்லுக்குப் பின் வரும் உளுந்துக்குத் தழைச்சத்து தரும் பாக்டீரியா பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கிறது. அந்தப் பாக்டீரியா வேலை செய்ய வேண்டுமானால் தேவைப்படும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), மணிச்சத்தை வேருக்குக் கொண்டுவரும் பூஞ்சையும்தான் அங்கே பற்றாக்குறையாக இருக்கின்றன. இதுவே என் விடை. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அதன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவைத் தொழிற்சாலையில் செய்ய 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை இயங்கத் தொடங்கிய பிறகே இது பெரிய அளவில் கைகூடியது. இதே வேலையைப் பயறுச் செடியின் வேர் முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா, வயல் மண்ணின் சாதாரண வெப்பத்தில், நைட்ரஜனேஸ் என்னும் நொதியைக் கொண்டு செய்கிறது. அந்த நொதியில் இரும்பும் மாலிப்டினமும் உண்டு. மாலிப்டினம் பின்னால் திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

அவரையும் பட்டாணியும் மண்ணை வளப்படுத்தும் என்பது உழவர்களுக்குப் பழங்காலம் முதலே தெரியும். காரணம் தெரியத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 1838இல் பிரான்சில் பூசங்கோ என்பவர், தழைச்சத்து இல்லாத மண்ணில் வளர்த்தும் பட்டாணிச் செடியில் தழைச்சத்து கூடுவதை எடைபோட்டுக் காட்டினார். 1886இல் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அந்தக் கூடுதலுக்கு வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார்கள். சூடாக்கி நுண்ணுயிர் நீக்கிய மணலில் முடிச்சு வரவில்லை. அதே மணலில் வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் முடிச்சு வந்தது, செடியும் தேறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். வேரோடு பூஞ்சை கூடி வாழ்வதை ஃபிராங்க் என்னும் ஜெர்மானியர் விவரித்துப் பெயரிட்டது 1885இல், அதாவது ஏறத்தாழ அதே ஆண்டுகளில். ஆயினும் பாக்டீரியாவுக்குக் கிடைத்த புகழ் பூஞ்சைக்குக் கிடைக்கவில்லை. முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறது, பூஞ்சை தெரிவதில்லை என்பதே இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனி முடிச்சு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். தழைச்சத்துக் குறைந்த மண்ணில் முளைக்கும் உளுந்தின் வேர், ஃபிளேவனாய்டு என்னும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அருகிலுள்ள ரைசோபியம் வகைப் பாக்டீரியா அதை உணர்ந்து, சர்க்கரைக் கூறுகளும் கொழுப்புக் கூறும் சேர்ந்த ஒரு மூலக்கூறைப் பதிலாக வெளியிடுகிறது. அந்த மூலக்கூறின் சிறுசிறு வேறுபாடுகளே எந்தப் பாக்டீரியாவை எந்தப் பயிர் ஏற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. பொருத்தம் சரியாக இருந்தால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைத் தன் மடிப்பில் பிடிக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்நோக்கி வளர, பாக்டீரியாக்கள் அதன் வழியே பெருகிக்கொண்டே வேரின் உட்புறம் சேர்கின்றன. அதே நேரத்தில் வேரின் உள் செல்கள் பிரிந்து முடிச்சாகத் திரள்கின்றன. நிலக்கடலையில் வழி வேறு: பக்க வேர் வெடித்து வெளிவரும் இடத்திலுள்ள பிளவின் ஊடாகவே பாக்டீரியா நுழைந்துவிடும். உள்ளே சேர்ந்த பாக்டீரியாக்களைச் செடி தன் சவ்வினால் பொதிந்து வைத்து, சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கரிம அமிலங்களை ஊட்டுகிறது. அவை அம்மோனியாவைத் திருப்பித் தருகின்றன. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்றவை அந்த அம்மோனியாவை யூரைடு என்னும் பொருளாக மாற்றித் தண்டுக்கு அனுப்புகின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அந்த நொதிக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. செடி இதற்கு நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. லெக்ஹீமோகுளோபின் எனப்படும் அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, கெடுக்காத அளவில் சிறிது சிறிதாகப் பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது அந்தப் புரதத்தின் நிறமே. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முற்றவில்லை, அல்லது பயனற்ற பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. ஆகவே வேரில் முடிச்சுகள் நிறைய இருந்தன என்று தம்பி எழுதியிருப்பது பாதிச் செய்திதான். எத்தனை முடிச்சு என்பதைவிட எத்தனை சிவப்பு முடிச்சு என்பதே கணக்கு. சின்னச் சின்ன வெள்ளை முடிச்சுகள் வேர் முழுவதும் சிதறிக் கிடப்பதைவிட, ஆணிவேரின் மேற்பகுதியில் சில பெரிய சிவப்பு முடிச்சுகள் இருப்பது எவ்வளவோ நல்லது.

இந்தக் கூட்டில் எதுவும் இலவசமில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்தது 16 செலவாகிறது. முடிச்சைக் கட்டுவதற்கும் பாக்டீரியாவுக்கு ஊட்டுவதற்கும் ஆகும் செலவு தனி. இலை தயாரிக்கும் உணவில் கணிசமான ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. அதனால் பழைய செட்டியார் கடை ஐந்தொகையில் வரவும் பற்றும் எதிரெதிரே நிற்பதுபோல், செடியும் ஒவ்வொரு முடிச்சிலும் கொடுத்ததையும் பெற்றதையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. முதலில் தோன்றிய முடிச்சுகள் போதும் என்றானதும் வேரும் தண்டும் தமக்குள் செய்தி பரிமாறி, புதிய முடிச்சுகள் வராமல் தடுக்கின்றன. சோயாவில் நடந்து 2003இல் வெளியான ஒரு சோதனையில், சில முடிச்சுகளைச் சுற்றி மட்டும் நைட்ரஜனே இல்லாத காற்றை வைத்துப் பார்த்தார்கள். தழைச்சத்து தராத அந்த முடிச்சுகளில் இருந்த பாக்டீரியாக்களின் பெருக்கம் பாதியளவுக்குக் குறைந்தது. செடி அவற்றுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்திருப்பதற்கான அடையாளங்களும் தெரிந்தன.

முதல் கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது. விதைத்து இரண்டு மூன்று வாரங்கள் வரை முடிச்சு வேலையைத் தொடங்கியிருக்காது; விதைக்குள் இருந்த சேமிப்பையும் மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் கொண்டே செடி காலம் தள்ளுகிறது. அந்த வாரங்களில் யூரியா தூவிய வயல் பச்சையாக நிற்பது இயல்பு. ஆனால் மண்ணில் நைட்ரேட் என்னும் வடிவில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், செலவு பிடிக்கும் முடிச்சைச் செடி கட்டுவதில்லை. கட்டியிருந்தாலும் அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது. பூக்கும் காலத்தில், தழைச்சத்து மிகுதியாகத் தேவைப்படும்போது, தூவிய யூரியா தீர்ந்திருக்கும்; முடிச்சும் இருக்காது. இலை செழித்தும் காய் சேராத உளுந்து வயல்கள் பலவற்றின் கதை இதுதான். தொடக்கத்தில் மிகச் சிறிய அளவு தழைச்சத்து கொடுப்பதில் தவறில்லை. தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ மணிச்சத்தும் பரிந்துரைக்கிறது. மணிச்சத்து இரு மடங்காக இருப்பதைக் கவனியுங்கள்.

மணிச்சத்து என்றதும் பூஞ்சைக்கு வந்துவிடுகிறோம். நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக நீரோடு ஓடிவரும். மண்ணில் மணிச்சத்து இருக்கும் வடிவமான பாஸ்பேட் அப்படி வராது. இரும்பு, அலுமினியம், சுண்ணாம்பு இவற்றோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருந்த பாஸ்பேட்டை எடுத்து முடித்ததும் அந்த வளையம் வெறுமையாகிவிடுகிறது. வெளியே எவ்வளவு இருந்தாலும் வேருக்கு எட்டாது. வேர்ப்பூஞ்சையின் இழைகள் அந்த வெற்று வளையத்தைக் கடந்து சில சென்டிமீட்டர் தூரம் வரை பரவுகின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமன் உடையவை என்பதால், வேரோ வேர்த்தூவியோ நுழைய முடியாத மண் இடுக்குகளில் அவை புகுந்து, பாஸ்பேட்டையும் துத்தநாகம், தாமிரம் போன்றவற்றையும் எடுத்துவருகின்றன. வேரின் உட்புறச் செல்களுக்குள் மரத்தின் கிளைபோல் நுணுக்கமாகப் பிரிந்த ஓர் அமைப்பை அந்தப் பூஞ்சை உண்டாக்குகிறது. கொடுக்கல் வாங்கல் அங்கேதான். செடி பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பமிலமும் தருகிறது. கொழுப்பமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் இந்தப் பூஞ்சைக்கு இல்லை; உயிருள்ள வேர் இல்லாமல் இதனால் வாழ்நாளை முடிக்கவே இயலாது. இந்தச் செய்தி பொட்டலம் வாங்கும்போது பயன்படும்.

பாக்டீரியாக் கூட்டுக்கும் பூஞ்சைக் கூட்டுக்கும் உள்ள உறவு, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரிலுள்ள, 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில், வேரே தோன்றாத காலத்துச் செடிகளின் தண்டுக்குள் இத்தகைய பூஞ்சை பதிந்திருக்கிறது. பயறுச் செடிகளும் முடிச்சுகளும் அதற்கு வெகு காலம் பின்னால் வந்தவை. 1989இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள், முடிச்சு வராத பட்டாணித் திரிபுகளைச் சோதித்தபோது, அவற்றில் சிலவற்றால் பூஞ்சையையும் ஏற்க முடியவில்லை என்று கண்டார்கள். ஒரே மரபணுப் பழுது இரண்டு கூட்டையும் கெடுத்திருந்தது. பூஞ்சையை உள்ளே விடுவதற்காகச் செடிகள் பல கோடி ஆண்டுகளாக வைத்திருந்த வழியையே பயறுக் குடும்பம் பின்னர் பாக்டீரியாவுக்கும் திறந்துவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பூஞ்சையை அழைக்க வேர் கசியவிடும் பொருள் ஸ்ட்ரைகோலாக்டோன் என்பதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கரும்பிலும் சோளத்திலும் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதை முளைப்பதும் அதே வகைப் பொருளை உணர்ந்துதான். நண்பனுக்கு விடும் அழைப்பைத் திருடனும் கேட்டுவிடுகிறான்.

பயறுக் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்த இரண்டு கூட்டும் உண்டு என்று எண்ண வேண்டாம். இங்கே சித்திரைப் பிறப்பும் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞானும் சேர்ந்து வரும் நாள்களில் பூக்கும் இரண்டு மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேங்கையின் இனத்தைச் சேர்ந்த படாக் மரத்தின் வேரில் முடிச்சு உண்டு, சரக்கொன்றையில் இல்லை. புளிய மரத்திலும் இல்லை, சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் இருக்கிறது. லூபின் என்னும் பயறினச் செடியோ முடிச்சை வைத்துக்கொண்டு பூஞ்சையைக் கைவிட்டுவிட்டது. உளுந்து, பாசி, துவரை, கடலை, தட்டைப்பயறு ஆகிய நம் பயிர்கள் இரண்டு கூட்டாளிகளையும் வைத்திருப்பவை.

இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தில் ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. அதை இத்தனை வேகமாகச் செலவிடும் முடிச்சில், செடியின் மற்றப் பாகங்களைவிடப் பாஸ்பரஸ் செறிவு பொதுவாக அதிகம். மணிச்சத்து குறைந்தால் முடிச்சு சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும், தழைச்சத்து வரத்து நின்று இலை வெளிறும். வெளிறிய இலையைப் பார்த்த நாம் யூரியாவைத் தூவுவோம்! பூஞ்சை நன்றாகப் படிந்த வேரில் பாஸ்பரஸ் கிடைக்க, முடிச்சு பெருக்கிறது. முடிச்சு தரும் தழைச்சத்தால் இலை பரந்து சர்க்கரை கூடுகிறது. அதில் ஒரு பங்கு பூஞ்சைக்குத் திரும்பப் போகிறது.

இப்போது நெல் வயலுக்கு வருவோம். பெகு, ஐராவதி, ரங்கூன் பகுதிகளில் மழைக்கால நெல் அறுத்தபின் மிஞ்சிய ஈரத்திலேயே உளுந்தும் பாசியும் விளைகின்றன. பனிக்காலத்தில் விதைத்து, வெயில் முற்றுவதற்குள் பறித்துவிடுகிறோம். மாதக்கணக்கில் நீர் தேங்கிய அந்த மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு வேதிமாற்றம் அடைந்து, தான் பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டை விட்டுவிடுகிறது. அதனால் நெல்லுக்கு மணிச்சத்துப் பஞ்சம் அவ்வளவாகத் தெரிவதில்லை. நீர் வடிந்து வயல் காய்ந்ததும் காற்றுப் பட்ட இரும்பு மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்த அந்த இரும்புத் துரு முன்னைவிட ஆவலாகப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. உளுந்து முளைக்கும் வேளை சரியாக இதுதான். இதோடு சேற்றுழவினால் கீழே இறுகிய மண்தட்டு வேரை ஆழப் போகவிடாது. பூஞ்சை காற்று வேண்டும் உயிர்; தேங்கிய நீரில் அதன் இழைகளும் வித்துகளும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. முழுவதும் அழிவதில்லை என்றாலும், மீண்டும் பெருகி வேரைப் பற்றுவதற்கு வாரங்கள் ஆகும். எழுபது, எண்பது நாளில் முடியும் பயிருக்கு அந்தத் தாமதம் பெரிய இழப்பு. பாக்டீரியாவின் நிலைமை இவ்வளவு மோசமில்லை. உளுந்தோடு கூடும் பிராடிரைசோபியம் வகை வெப்ப நாட்டு மண்ணில் பரவலாக உண்டு. உளுந்து, பாசி, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை இவை பெரும்பாலும் அதைப் பொதுவில் பகிர்ந்துகொள்கின்றன. ஆண்டுதோறும் பயறு விளைந்துவரும் வயலில் அதற்குப் பஞ்சம் இருப்பது அரிது.

ஆகவே தம்பியின் குன்றிய செடிகளுக்கு நான் முதலில் சந்தேகிப்பது மணிச்சத்தை. மணிச்சத்து உரமான டி-சூப்பர் போடுவதானால் மேலே விசிறிவிட்டுப் போவதில் பயன் குறைவு. ஓரிடத்தில் கிடக்கும் சத்து என்பதால் விதைக்குக் கீழேயோ பக்கத்திலோ விழும்படி சாலில் இட வேண்டும். உழாமல் தாளடியில் விதைப்பவர்களுக்கு அது கைகூடாது. தஞ்சைப் பகுதியில் நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடும் உழவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்களுக்குச் சொல்லப்படும் வழி, தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட டிஏபி உரத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, 100 லிட்டருக்கு 2 கிலோ என்னும் அளவில் பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் இலையில் தெளிப்பது. மண்ணின் இரும்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் குறுக்குவழி அது. நம் வயலுக்கும் பொருந்தும். அடுத்து மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, பார்க்க வேண்டும். புளித்த மண்ணில் மாலிப்டினம் கரையாமல் பூட்டிக்கொள்ளும்; நைட்ரஜனேஸுக்கு அந்த உலோகம் இல்லாவிட்டால் முடிச்சு இருந்தும் தழைச்சத்து வராது. அத்தகைய வயலில் சுண்ணாம்பு இடுவது, கூடுதலாக ஒரு மூட்டை உரம் போடுவதைவிட அதிகம் உதவும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பாக்டீரியாப் பொட்டலத்தையும் பூஞ்சைப் பொட்டலத்தையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டும். பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது எளிது. இங்கே யேசினிலுள்ள வேளாண் ஆராய்ச்சித் துறை நீண்ட காலமாகவே ரைசோபியம் கலவை தயாரித்துவருகிறது. எந்தப் பயிருக்கு எந்தப் பாக்டீரியா என்பதில்தான் கவனம் தேவை. கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம் என்னும் வேறு வகை வேண்டும். சோயாவுக்கு அதற்கே உரிய பிராடிரைசோபியம் வேண்டும். இந்த இரண்டையும் முன்பு விளைந்திராத நிலத்தில் விதைத்தால், உரிய பொட்டலம் இல்லாமல் விதைப்பது வீண். உளுந்து வழக்கமாக விளையும் வயலில் பொட்டலத்தால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிதாகவே இருக்கும். ஏற்கெனவே மண்ணிலிருக்கும் பாக்டீரியாக்கள் எண்ணிக்கையில் மிகுந்து, வெளியிலிருந்து வரும் திறமையான வகையை முந்திக்கொண்டு முடிச்சுக்குள் புகுந்துவிடும். ஆனாலும் விலை குறைவு என்பதால், நல்ல பொட்டலம் கிடைத்தால் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளே இருப்பது உயிர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கடை வாசலில் வெயில் காய்ந்த பொட்டலத்தையும் காலாவதியான பொட்டலத்தையும் வாங்காதீர்கள். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சணக்கொல்லி மருந்து பூசிய விதையாக இருந்தால் இடையில் ஒரு நாளாவது விட வேண்டும்.

பூஞ்சைப் பொட்டலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உயிருள்ள வேர் இல்லாமல் அந்தப் பூஞ்சையைப் பெருக்க முடியாது என்பதால், சோளம், மக்காச்சோளம் போன்றவற்றைத் தொட்டியில் வளர்த்து, வேரும் மண்ணும் வித்துமாகச் சேர்த்தே விற்கிறார்கள். அதில் உயிருள்ள வித்து எவ்வளவு என்பதை வாங்குபவரால் கண்டறிய வழியில்லை. பொட்டலத்துக்குப் பொட்டலம் தரம் மிகவும் மாறுபடும். ஏக்கர் கணக்கில் தூவுவதற்குப் பிடிக்கும் அளவும் அதிகம். நாற்றங்காலிலும் பழமரக் கன்று நடும் குழியிலும் அது பயன்படும். உளுந்து வயலுக்கு இருக்கும் பூஞ்சையைக் காப்பதே சிக்கனம். நெல் அறுத்ததும் தாமதிக்காமல் விதைத்தால், களையோ பயிரோ ஏதாவது ஒரு வேர் பூஞ்சையை உயிரோடு வைத்திருக்கும். தேவையில்லாமல் உழுதால் மண்ணில் பின்னிய இழைவலை அறுந்துவிடும். தாளடி விதைப்பில் இந்த ஒரு நன்மை இருக்கிறது. வயலின் மேட்டுப் பகுதியும் வரப்பும் ஆண்டு முழுவதும் புல் பிடித்திருந்தால் அங்கிருந்து பூஞ்சை மீண்டும் பரவும். கடுகும் முட்டைக்கோஸும் பூஞ்சையோடு கூடாத குடும்பம் என்பதால், அவற்றுக்கு அடுத்து வரும் பயறு சற்றுப் பின்தங்கினால் வியப்படைய வேண்டியதில்லை. மணிச்சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் பூஞ்சைக்குத் தரும் உணவைச் செடி நிறுத்திக்கொள்ளும்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உளுந்து போட்டால் அடுத்த நெல்லுக்கு உரம் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பொதுவான அளவுகோலின்படி, பயறுச் செடியின் மேற்பகுதி ஒரு டன் உலர் எடைக்குச் சுமார் 20 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து பெறுகிறது. ஹெக்டேரில் இரண்டரை டன் செடி வளர்ந்தால் 50 கிலோ. அதில் ஒரு டன் உளுந்து கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டால், பருப்பில் கால் பங்கு புரதம் என்பதால், 40 கிலோ தழைச்சத்து மூட்டையோடு வெளியேறிவிடும். மிச்சமுள்ள கொடியையும் களத்தில் அடித்து மாட்டுக்குப் போட்டுவிட்டால் நிலத்துக்குத் தங்குவது அநேகமாக வேரில் இருப்பது மட்டுமே. எதையும் வெளியே எடுக்காமல் மடக்கி உழும் தக்கைப்பூண்டோடு உளுந்தை ஒப்பிடக் கூடாது.

மணிச்சத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரு டன் உளுந்தில் ஏறத்தாழ 4 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. 2021இல் இந்தியாவோடு செய்துகொண்ட உடன்பாடு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று பேசியது. அந்த அளவு கப்பலேறினால் ஆயிரம் டன் பாஸ்பரஸ் நம் மண்ணிலிருந்து சென்னை இட்லிக்குப் போகிறது. அதோடு போகும் பத்தாயிரம் டன் தழைச்சத்தைப் பாக்டீரியா காற்றிலிருந்து மறுபடியும் எடுத்துத் தந்துவிடும். பாஸ்பரஸை அப்படித் தர எந்த உயிராலும் இயலாது. மண்ணில் பூட்டிக் கிடப்பதைத் திறந்து எடுக்க மட்டுமே பூஞ்சையால் முடியும். போனதை நாம்தான் உரமாகவோ தொழு எருவாகவோ திரும்ப இட வேண்டும்.

இந்தப் பருவத்தில் தம்பி செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பூ எடுக்கும் வேளையில், அதாவது விதைத்து ஐந்து வாரம் ஆனதும், வயலில் ஐந்தாறு இடங்களில் மண்வெட்டியால் வேரோடு மண்ணாகத் தோண்டி எடுத்து, நீரில் ஊறவைத்து மெல்ல அலசுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். முடிச்சை விரலால் தேய்த்தால் வேரிலிருந்து தனியே கழன்றுவர வேண்டும். கழலாமல் வேரே புடைத்து உருண்டிருந்தால் அது நூற்புழு நோய். அதற்கு மருத்துவம் வேறு. கழன்ற முடிச்சுகளைப் பிளந்து சிவப்பு எத்தனை என்று எண்ணுங்கள். சிவப்பு நிறைய இருந்தும் செடி குன்றியிருந்தால் தண்ணீர், மண் இறுக்கம், வேறு நோய் என்று தேடலாம். வெள்ளையும் சிறியதுமாக இருந்தால், வயலில் ஒரு கீற்றில் மட்டும் டிஏபி கரைசலைத் தெளித்துப் பக்கத்துக் கீற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிச்சே இல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்கு ரைசோபியம் பொட்டலம் வாங்குங்கள். அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அடியில் அறுத்தெடுங்கள். செடியின் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வேரிலும் முடிச்சிலுமே இருப்பதுண்டு, அது வயலிலேயே நின்றுவிடும்.